ஊரோடு ஒத்து வாழ்வதும் கடவுள் முன் தனியே நிற்பதும்

பிள்ளையைப் பலி கேட்கும் கடவுளைத் தமிழருக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெரியபுராணத்தில் அவர் பைரவ வேடத்தில் திருச்செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டர் வீட்டுக்கு வருகிறார். ஐந்து வயதுப் பிள்ளையாக இருக்க வேண்டும், வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருக்க வேண்டும், உடம்பில் குறை இருக்கக் கூடாது, தாய் பிடிக்கத் தகப்பன் அரிய வேண்டும், இருவரும் மனம் உவந்து செய்ய வேண்டும் என்று நிபந்தனை மேல் நிபந்தனை போடுகிறார். வாதாபிப் போரில் பல்லவர் படையை நடத்திய பரஞ்சோதிதான் இந்தச் சிறுத்தொண்டர். வாள் பழகிய அந்தக் கை தன் பிள்ளை சீராளனை அரிகிறது. கறி சமைத்து இலை போட்ட பிறகு, உன் பிள்ளையைக் கூப்பிடு, சேர்ந்து சாப்பிடலாம் என்கிறார் விருந்தாளி. கூப்பிட்டதும், பள்ளி விட்டு வருகிறவன் மாதிரி சீராளன் ஓடி வருகிறான்.

1843இல் கோபன்ஹேகனில் 'அச்சமும் நடுக்கமும்' என்ற சிறு நூல் வெளிவந்தது. எழுதியவர் சோரன் கீர்க்கெகார்ட். அட்டையில் இருந்தது புனைபெயர். பைபிளின் ஆதியாகமத்தில் ஆபிரகாமிடம் கடவுள் மகன் ஈசாக்கைப் பலி கேட்கிறார். ஆபிரகாம் விடியற்காலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டி மோரியா நாட்டு மலைக்குப் புறப்படுகிறார். மூன்றாம் நாள் மலை கண்ணில் படுகிறது. கத்தியை ஓங்கிய பிறகுதான் தேவதூதன் தடுக்கிறான். தேவாலயத்தில் இந்தக் கதையை விசுவாசத்துக்கு நல்ல உதாரணமாகச் சொல்கிறார்களே, அதைக் கேட்ட ஒருவன் வீட்டுக்குப் போய் அதேபோலச் செய்யக் கிளம்பிவிட்டால் என்ன ஆகும் என்று கீர்க்கெகார்ட் கேட்டார். பிரசங்கம் செய்த அதே பாதிரியார் தலைதெறிக்க ஓடிப்போய், பேய் பிடித்துவிட்டதா என்று அவனைத் திட்டித் தடுப்பார். ஆபிரகாமைப் புகழ்வது சுலபம், ஆபிரகாமாக இருப்பது என்னவென்று நினைத்துப் பார்ப்பதுதான் நடுக்கம் தருவது. பின்னாளில் சமய இருத்தலியல் என்று பெயர் பெற்ற சிந்தனையின் வேர் இந்தச் சங்கடத்தில்தான் இருக்கிறது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. சிறுத்தொண்டர் தனியாள் இல்லை. மனைவி திருவெண்காட்டு நங்கைக்குத் தெரியும், வீட்டுத் தாதிக்கும் தெரியும். மூன்று பேர் சேர்ந்து செய்த காரியம் அது. ஆபிரகாமோ சாராளிடம் ஒரு வார்த்தை சொன்னதாகக் கதையில் இல்லை. கீர்க்கெகார்ட் பிடித்துக்கொண்டது இந்த மௌனத்தைத்தான். அறம் என்பது நாலு பேரிடம் எடுத்துச் சொல்லக்கூடியது, ஏன் செய்தாய் என்று கேட்டால் காரணம் காட்டக்கூடியது. ஆபிரகாமிடம் காட்டுவதற்குக் காரணமே இல்லை. படை கப்பலேற வேண்டும் என்பதற்காக மகளைப் பலி கொடுத்த கிரேக்க மன்னன் அகமெம்னோனை ஆபிரகாமோடு ஒப்பிட்டு, அவன் வேறு வகை என்கிறார். அவனுக்காகக் கிரேக்கம் முழுவதும் அழும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரதக் கூத்தில் அரவான் களப்பலியைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. அரவான் பாண்டவர் ஜெயிப்பதற்காகக் கொடுக்கப்பட்டவன். அவனுக்காக ஊரே அழுகிறது. ஆபிரகாமுக்காக அழ யாரும் இல்லை, ஏனென்றால் யாருக்கும் விஷயமே தெரியாது.

இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். கடவுள் முன்னால் மனிதன் தனியாகத்தான் நிற்கிறான் என்று சொல்லும் ஒரு தத்துவத்துக்கு, சமயத்தை ஊராகச் சேர்ந்து நடத்தும் நம் பக்கத்தில் என்ன வேலை?

கம்பைநல்லூரையே எடுத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி, பழைய தேசநாதேஸ்வரர் கோயில் உள்ள ஊர், சுற்றிலும் பெரும்பாலும் மானாவாரிக் காடு, பக்கத்தில் இருமத்தூரில் தென்பெண்ணை. மழை பொய்த்தால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிற சனம், திருவிழா என்றால் பஸ் பிடித்து வந்துவிடும். நீ எந்த அளவுக்கு நம்புகிறாய் என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் தலைக்கட்டு வரி கொடுத்தாயிற்றா என்பதுதான். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன ஆண் ஒரு தலைக்கட்டு. அந்தக் கணக்கில் பெயர் இருந்தால் நீ சாமிக்கு வேண்டியவன். எந்தத் தெருவில் வரி வாங்குவது, எந்தத் தெருவில் வாங்குவதில்லை என்பதில் சாதியும் தெரிந்துவிடும். தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் நோட்டு வேறு, கணக்கு ஏறக்குறைய இதே மாதிரிதான்.

கீர்க்கெகார்டின் டென்மார்க்கும் இதிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. அங்கே பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துச் சபைப் பதிவேட்டில் பெயர் எழுதிவிடுவார்கள், அவ்வளவுதான், ஆள் கிறிஸ்தவன். பாதிரியார் அரசுச் சம்பளக்காரர். எல்லாரும் கிறிஸ்தவர்கள் ஆகிவிட்ட ஒரு நாட்டில் ஒருவன் கிறிஸ்தவனாக ஆவது எப்படி என்பதுதான் அவர் வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்வி. நாம் அவரை வேற்று மதத்துக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணமும் அதுவே.

அந்தக் கேள்வி அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது. தகப்பனார் மிகேல், யட்லாந்துப் பொட்டலில் ஆடு மேய்த்த ஏழைப் பையன். ஒருநாள் குளிரும் பசியும் தாங்காமல் ஒரு மேட்டில் ஏறி நின்று கடவுளைச் சபித்தான். பிறகு கோபன்ஹேகனுக்குப் போய் ஜவுளி வியாபாரத்தில் பெரும் பணக்காரனானான். ஆனால் அந்தச் சாபத்தை எண்பது வயது வரைக்கும் மறக்கவில்லை. ஏழு பிள்ளைகளில் ஐந்து பேர் தன் கண்முன்னே போனதும், கடவுள் கணக்குத் தீர்க்கிறார் என்றே நினைத்தார். அந்த இருட்டுக்குள் வளர்ந்த கடைக்குட்டிதான் சோரன். 1841இல் ரெகினா ஓல்சன் என்ற பெண்ணுடன் நடந்திருந்த நிச்சயதார்த்தத்தை அவரே முறித்துக்கொண்டார். ஏன் என்று யாருக்கும் தெளிவாகச் சொல்லவில்லை. ஆபிரகாமின் மௌனத்தைப் பற்றி எழுதியவருக்கு அந்த மௌனம் ஏட்டிலிருந்து வந்ததல்ல.

1846இல் அவர் வெளியிட்ட ஒரு பெருநூலில் நம்மூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய ஓர் இடம் உண்டு. உண்மையான கடவுளின் ஆலயத்தில், சரியான கோட்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு, ஒப்புக்கு வணங்குகிறான் ஒருவன். விக்கிரகத்தின் முன்னால், எல்லையில்லாத தவிப்போடு வணங்குகிறான் இன்னொருவன். உண்மை யாரிடம் இருக்கிறது? இரண்டாமவனிடம்தான் என்கிறார் இந்த லூத்தரன். சரியான கடவுளைத் தப்பாகக் கும்பிடுவதைவிடத் தப்பான கடவுளைச் சரியாகக் கும்பிடுவது மேல் என்பது இதன் பொருள். உண்மை என்பது மனிதனின் அகத்தில், அவன் பற்றிக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது என்ற அவருடைய பேர்பெற்ற வாதத்தின் நடு நரம்பு இது. பெரியபுராணம் படித்தவர்களுக்குச் சட்டென்று இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் புத்தத் துறவியின் ஆடையைக் கழற்றாமலே, லிங்கத்தின் மேல் கல்லெறிவதையே பூசையாகக் கொண்ட சாக்கிய நாயனார். இன்னொருவர் திருநின்றவூர்ப் பூசலார். கையில் காசில்லாததால் மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, கோபுரம் எழுப்பி, குளம் வெட்டிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார் அவர். காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலுக்கும் அதே நாள்தான் குறித்திருந்தது. சிவன் மன்னனிடம், உன் விழாவை இன்னொரு நாள் வைத்துக்கொள் என்றார். இதைவிட வலுவாக அகத்தின் பக்கம் நின்ற கதை டேனிஷ் மொழியில் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். நாம் செய்தது, பூசலாருக்கும் சிலை வைத்து, குருபூசைக்கு நாள் குறித்து, அவரையும் திருவிழாக் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

கீர்க்கெகார்டின் கடைசி வருடம் முழுக்கச் சண்டை. பேராயர் மின்ஸ்டர் இறந்ததும் அவரைச் சத்தியத்துக்குச் சாட்சி என்று புகழ்ந்தார்கள். சுகமாக வாழ்ந்து, சுகமாகப் பதவி வகித்தவர் எப்படிச் சாட்சி ஆவார் என்று 1854 முதல் பத்திரிகையிலும் பின் சொந்தத் துண்டு வெளியீடுகளிலும் எழுதித் தள்ளினார். 1855 அக்டோபரில் தெருவில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் நற்கருணை வேண்டுமா என்று கேட்டபோது, சம்பளம் வாங்கும் பாதிரியார் கையால் வேண்டாம், சாதாரண மனிதன் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். நவம்பர் 11ஆம் தேதி இறந்தார். வயது 42. தன் கல்லறையில் ஏதாவது எழுதுவதானால் 'அந்தத் தனியாள்' என்று எழுதினால் போதும் என்று முன்பே எழுதியிருந்தார். தகடூர் நாட்டில், அதாவது இன்றைய தருமபுரிப் பக்கத்தில், பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். மன்னனின் ஆட்சியாண்டு, தலைவனின் பெயர், எந்த மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தான், அப்புறம் அவன் பெயர் என்று அவற்றில் வெட்டியிருக்கும். அவை ஊருக்காகச் செத்தவனுக்கு ஊர் நட்டவை. ஊருக்காக இல்லாமல் தனியே நின்றவனுக்குக் கல் நடுவது நம் வழக்கத்திலும் இல்லை.

தனியாள் என்ற இந்தப் பிடிவாதத்தைச் சுயநலம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் கீர்க்கெகார்ட் கூட்டத்தைப் பற்றி எழுதியதைப் படிக்க வேண்டும். கூட்டம் என்பதற்குக் கை கிடையாது, கை இருப்பது ஆளுக்கு ஆள்தான் என்பது அவர் வாதம். கூட்டம் செய்தது என்று எதைச் சொன்னாலும் அதைச் செய்தது யாரோ ஒருவனுடைய கை. கூட்டத்துக்குள் நுழைந்ததும் அந்தக் கை தன்னுடையது என்பது அவனுக்கு மறந்துபோகிறது. 2012 நவம்பர் 7ஆம் தேதி தருமபுரி அருகே நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. சாதி மீறிய ஒரு கல்யாணமும், அதைத் தொடர்ந்து பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொண்டதும் அதற்கு முன்னால் நடந்தவை. ஊரோடு ஒத்து வாழ் என்ற புத்திமதியைத் தலைகீழாகப் புரட்டிக் காட்டிய நாள் அது. அன்று தீ வைத்த கைகள் எல்லாமே ஏதோ ஒரு சாமியைக் கும்பிட்ட கைகள்தாம். என் பார்வையில் கீர்க்கெகார்டை இந்த மாவட்டத்தில் படிக்க வேண்டிய முதல் காரணம் நத்தம்தான். நூலகத்தில் அவருக்கு இடம் பிடிப்பது அப்புறம்.

தஸ்தயெவ்ஸ்கி இதே பிரச்சினையை மறுபக்கத்திலிருந்து பார்த்தார். 1849 டிசம்பரில் மரண தண்டனைக்காக மைதானத்தில் நிறுத்தப்பட்டு, சுடப்போகும் தறுவாயில் உயிர் தப்பியவர். 1880இல் முடித்த 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் ஒரு மத விசாரணைத் தலைவர், திரும்பி வந்த கிறிஸ்துவையே சிறையில் அடைத்து வாதிடுகிறார். நீ மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தாய், அவனால் அதைத் தாங்க முடியவில்லை, நாங்கள் அப்பமும் அற்புதமும் அதிகாரமும் கொடுத்து அந்தப் பாரத்தை இறக்கி வைத்தோம் என்கிறார். இதைப் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது பூக் கேட்பது. பெண் எடுக்கலாமா, போர்வெல் போடலாமா, மகனை வெளியூர் அனுப்பலாமா என்பதற்கெல்லாம் சாமி தலையில் பூ வைத்து, வலப்பக்கம் விழுகிறதா இடப்பக்கம் விழுகிறதா என்று காத்திருக்கிறோம். முடிவெடுக்கும் பயத்தைச் சாமி தலையில் வைப்பது என்று கீர்க்கெகார்ட் இதைச் சொல்லியிருப்பார். பாதி உண்மை அது. மீதிப் பாதி, பூ நமக்குப் பிடிக்காத பக்கம் விழுந்தால் இன்னொரு தரம் கேட்கிறோமே, அதில் இருக்கிறது. மூன்றாம் தரமும் கேட்கிறவன் தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சாமி முன்னால்தான் தெரிந்துகொள்கிறான்.

ஸ்பெயினின் மிகேல் தெ உனமுனோ 1931இல் ஒரு குறுநாவல் வெளியிட்டார். ஒரு மலையோரக் கிராமத்துப் பாதிரியார், ஊரே புனிதர் என்று கொண்டாடுகிறது. அவருக்கோ மறுமையில் நம்பிக்கை இல்லை. ஊர் தாங்காது என்று அதை மறைத்துக்கொண்டு, கடைசி மூச்சு வரை பூசை செய்கிறார். நம்பாத பூசாரியை நம் ஊர்களிலும் கற்பனை செய்வது சிரமமில்லை. உனமுனோ அவரைத் தியாகியாக்கிக் காட்டுகிறார். எனக்கு அந்தக் கருணையில் ஒரு மேட்டிமையும் தட்டுப்படுகிறது. ஊருக்குத் தாங்காது என்று முடிவு செய்ய இவர் யார்? விசாரணைத் தலைவரின் நல்ல மனசுள்ள தம்பி என்றுதான் அவரைச் சொல்லத் தோன்றுகிறது. ரஷ்யாவிலிருந்து 1922இல் வெளியேற்றப்பட்ட பெர்தியாயெவும், பகுத்தறிவையும் விசுவாசத்தையும் ஏதென்சாகவும் எருசலேமாகவும் நிறுத்திச் சண்டைக்கு விட்ட ஷெஸ்தொவும் சுதந்திரத்தைப் பற்றி இன்னும் ஆவேசமாக எழுதியவர்கள். ஆனால் தஸ்தயெவ்ஸ்கியைப் படித்தவருக்கு அவர்களிடம் புதிதாகக் கிடைப்பது குறைவு.

இவர்கள் எல்லாரையும் இருத்தலியல் என்ற ஒரே பெயரில் அடைத்தது இருபதாம் நூற்றாண்டு. 1945 அக்டோபரில் பாரிசில் பேசிய சார்த்தர், இருத்தலியலாளர்களில் கிறிஸ்தவர்கள் ஒரு வகை, தன்னைப் போன்ற நாத்திகர்கள் இன்னொரு வகை என்று பிரித்தார். கிறிஸ்தவப் பட்டியலில் யாஸ்பர்ஸையும் மார்செலையும் கத்தோலிக்கர்கள் என்று வைத்தார். யாஸ்பர்ஸ் கத்தோலிக்கரே அல்ல. மார்செலோ பின்னால் அந்தப் பட்டமே எனக்கு வேண்டாம் என்று உதறினார்.

கார்ல் யாஸ்பர்ஸ் மனநல மருத்துவராக இருந்து தத்துவத்துக்கு வந்தவர். 1919இலேயே எல்லைச் சூழ்நிலைகள் என்று ஒரு கருத்தை முன்வைத்தார். சாவு, துன்பம், போராட்டம், குற்றவுணர்வு. இவற்றை மாற்ற முடியாது, சுற்றிக்கொண்டு போகவும் முடியாது. மோதித்தான் ஆக வேண்டும். மோதும்போதுதான் ஆள் விழிக்கிறான். அவர் மனைவி கெர்ட்ரூட் யூதப் பெண். விவாகரத்துச் செய்ய மறுத்ததால் 1937இல் ஹைடல்பெர்க் பேராசிரியர் வேலை போயிற்று. 1945 ஏப்ரல் நடுவில் இருவரையும் நாடுகடத்தத் தேதி குறித்திருந்தது. அதற்கு முன்பே அமெரிக்கப் படை ஊருக்குள் வந்துவிட்டதால் பிழைத்தார்கள். எல்லையைப் பற்றி எழுதியவர் எட்டு வருடம் அதன் மேலேயே குடியிருந்தார்.

கப்ரியேல் மார்செல் இதை வேறொரு விதத்தில் சொன்னார். முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கத்தில், காணாமல் போன வீரர்களைத் தேடித் தரும் வேலை அவருக்கு. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு அட்டை. பெயர், படைப்பிரிவு, கடைசியாகக் கண்ட இடம். அட்டையைப் பார்த்துப் பதில் சொல்ல உட்கார்ந்தால் எதிரே தாயோ மனைவியோ நிற்பார்கள். அவர்கள் கேட்பது அட்டையில் இருக்கும் எதையும் அல்ல. பிரச்சினை வேறு, மறைபொருள் வேறு என்று அவர் பிற்பாடு பிரித்ததற்கு விதை அங்கேதான் விழுந்தது. பிரச்சினை எனக்கு முன்னால் கிடப்பது, தீர்வு கண்டு நகர்ந்துவிடலாம். மறைபொருளில் நானே அகப்பட்டிருக்கிறேன், வெளியே நின்று தீர்க்க வழி இல்லை.

2025 பிப்ரவரியில் கம்பைநல்லூர் அருகே ஒரு பட்டாசுக் கிடங்கு வெடித்து, அங்கே வேலை பார்த்த மூன்று பெண்கள் இறந்தார்கள். உரிமம், இடைவெளி, மருந்தின் அளவு, வழக்கு, நிவாரணம் எல்லாம் பிரச்சினை. இவற்றுக்குத் தீர்வு உண்டு, தீர்க்கவும் வேண்டும். அதைச் செய்யாமல் விதி என்று பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் கூலிக்குப் போனவள் ஏன் திரும்பி வரவில்லை என்று வீட்டில் கேட்கும் பிள்ளைக்குக் கலெக்டர் ஆபீசில் பதில் இல்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகும் நம் வழக்கம், மார்செல் உடனிருத்தல் என்று சொன்னதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. அவரோடு ஒரே ஒரு தகராறு: மறைபொருள் என்ற சொல் பிரச்சினைக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்துவிடக் கூடாது. அவர் அந்த ஆபத்தைப் பற்றிப் போதுமான அளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கவலைப்பட்டவர் பால் டில்லிச். முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் குருவாக இருந்து, இளைஞர்களை அடக்கம் செய்து மனம் நொறுங்கியவர். மத சோசலிசம் பேசியதால் 1933இல் நாஜிகள் அவரைப் பிராங்ஃபர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கினார்கள். அமெரிக்கா போய் 1952இல் 'இருக்கும் தைரியம்' எழுதினார். மனிதனின் பதற்றத்தை அவர் மூன்றாகப் பார்த்தார். விதியும் சாவும், வெறுமையும் அர்த்தமின்மையும், குற்றமும் தண்டனையும். ஆனால் இங்கே உபயோகமானது அவருடைய இன்னொரு கருத்து. எது போனால் வாழ்வே போனதாக ஒருவன் நினைக்கிறானோ, அதுவே அவனுடைய சமயம். அந்த இடத்தில் தேசத்தையோ இனத்தையோ வைத்தவன், தேவாலயத்துக்குப் போனாலும் விக்கிரக வணக்கம்தான் செய்கிறான். டில்லிச் நாஜிகளை மனதில் வைத்துச் சொன்னார். சாதி மானம் போனால் வாழ்வு போயிற்று என்கிற ஊரில், ஒருவன் எந்தக் கோயிலில் சூடம் ஏற்றுகிறான் என்பது இரண்டாம் பட்சமாகிவிடுகிறது.

மார்ட்டின் பூபரிடம் வந்தால் காற்றே மாறுகிறது. வியன்னாவில் பிறந்த யூதர், 1923இல் 'நானும் நீயும்' எழுதியவர். அதற்கு முன் பரவச அனுபவங்களில் தோய்ந்து கிடந்தவர். 1914இல் ஒருநாள் காலை அப்படியொரு பரவசத்துக்குப் பிறகு ஓர் இளைஞன் பார்க்க வந்தான். பூபர் அன்பாகத்தான் பேசினார், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அவன் கேட்காமல் விட்ட கேள்வி என்னவென்று மட்டும் யோசிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவன் போரில் செத்துப்போனான் என்று நண்பன் ஒருவன் வந்து சொன்னான். பொழுதுபோக்குக்குப் பேச வரவில்லை, வாழ்வா சாவா என்கிற முடிவோடு வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் புரிந்தது. அதோடு பரவசத்தைத் துறந்தேன் என்று பின்னாளில் எழுதினார். கடவுள் என்பவர் எதிரே வந்து நிற்கிறவனை முழுசாக 'நீ' என்று கூப்பிடும் இடத்தில்தான் சந்திக்கக் கிடைப்பார். ஆளைப் பொருளாகப் பயன்படுத்தினால் கடவுளும் பொருளாகிவிடுகிறார். பெண்ணைத் துறந்து கடவுளைத் தேர்ந்த கீர்க்கெகார்டைப் பூபர் இதனால்தான் கண்டித்தார். கடவுள் ரெகினாவுக்குப் போட்டியாளர் இல்லை, ரெகினா வழியாகத்தான் கடவுளிடம் போக வேண்டும் என்பது அவர் கட்சி.

நம் ஊருக்குப் பூபர்தான் பொருத்தம் என்று சட்டெனத் தோன்றும். உறவு, விருந்து, துக்கம் விசாரிப்பது எல்லாம் நமக்குக் கைவந்தவை. நான் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் பேச்சில் அண்ணன், மாமா, பங்காளி என்ற உறவுமுறை நிறைய உண்டு. அந்த முறை சாதிக் கோட்டோடு நின்றுவிடுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் அறுபது வயதானாலும் வாடா போடாதான். கூட்டத்திலிருந்து ஒரு தரமாவது பிரிந்து நிற்காதவனுக்கு, கோட்டுக்கு அப்பால் இருக்கிறவனை 'நீ' என்று கூப்பிட வாய் வராது. ஆகவே கீர்க்கெகார்ட் முதல் படி, பூபர் இரண்டாம் படி. வரிசையை மாற்றினால் பூபர் ஊர்ப்பெருமை பேசும் சங்கதியாகிவிடுவார்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிந்தனை வந்த வழிகள் விசித்திரமானவை. முகம்மது இக்பால் 1929 ஜனவரியில் சென்னையில் ஆற்றிய உரைகள், இஸ்லாமியச் சிந்தனையின் மறுகட்டமைப்பு பற்றிய அவருடைய நூலுக்கு அடிப்படையாயின. கடவுள் முன்னால் கரைந்துபோகாமல் வலுப்பெறும் ஒரு 'நான்' பற்றி அவர் அதில் பேசினார். 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. கீர்க்கெகார்டிடமிருந்து இறையியலாளர் கார்ல் பார்த் வழியாக வந்த, கடவுளுக்கும் மனிதச் சமயங்களுக்கும் நடுவே பாலமே இல்லை என்ற கருத்தை டச்சு அறிஞர் கிரேமர் அங்கே வைத்தார். சென்னைக் கிறிஸ்தவர்களான செஞ்சையா, சக்கரை முதலியோர் அதே ஆண்டு ஒரு நூல் வெளியிட்டு எதிர்த்து நின்றார்கள். இலக்கிய வாசகர்களுக்கு இருத்தலியல் வந்தது வேறு கதவு வழியாக. எஸ்.வி. ராஜதுரையின் 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஓர் அறிமுகம்' 1975இல் க்ரியா வெளியீடாக வந்தது. சிறுபத்திரிகைகளில் பெரும்பாலும் சார்த்தரும் காம்யூவும்தான் புழங்கினார்கள். சமயப் பக்கம் பேச ஆளில்லை. பகுத்தறிவாளருக்குக் கடவுள் வேண்டியிருக்கவில்லை, கோயிலுக்குப் போகிறவருக்குப் பதற்றம் வேண்டியிருக்கவில்லை.

கம்பைநல்லூரிலிருந்து திருவண்ணாமலை தூரமில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்தப் பக்கத்திலிருந்து கிரிவலத்துக்குக் கூட்டம் கிளம்பும். 1896இல் மதுரையில் பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன், திடீரென்று வந்த சாவுப் பயத்தில் யாரையும் கூப்பிடாமல் தரையில் படுத்து, செத்தவன் மாதிரியே கிடந்து, சாவது எது என்று பார்த்துவிட்டு எழுந்தான். சில வாரத்தில் அண்ணாமலைக்கு வந்து ரமணர் ஆனான். சாவின் முன் தனிமை என்பதில் அவர் எந்த ஐரோப்பியருக்கும் குறைந்தவரல்ல. ஆனால் அவருக்குப் பயம் ஒரே தடவையில் கரைந்தது. கீர்க்கெகார்டின் விசுவாசத் தாவலும் இல்லை, பூபரின் எதிரே நிற்கும் 'நீ'யும் இல்லை. அதனால் அவரை இருத்தலியலாளர் என்பது பொருந்தாது.

பொருந்துகிறவர், ரமணரை 1949 ஜனவரியில் வந்து பார்த்த பிரெஞ்சுத் துறவி ஆன்றி லெ சோ. அடுத்த வருடம் மொன்ஷனேன் என்ற குருவோடு குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனத்தைத் தொடங்கினார். அபிஷிக்தானந்தர் என்று காவி கட்டினார். அண்ணாமலைக் குகைகளில் அத்வைதம் அவரைப் பிடித்துக்கொண்டது. கிறிஸ்துவை விடவும் முடியவில்லை. இரண்டும் சொல்வது ஒன்றுதான் என்று சமாதானம் பேசும் சுலப வழியை அவர் நாட்குறிப்பு ஏற்கவில்லை. இரண்டும் உண்மை, இரண்டும் ஒத்துவரவில்லை என்று வருடக்கணக்காக அதில் புழுங்கினார். கீர்க்கெகார்டுக்குத் தமிழ் மண்ணில் ஒரு வாரிசு உண்டென்றால், அது நாட்குறிப்பு எழுதிய அந்த பிரெஞ்சுக்காரர்தான்.

அவர் இறந்தது 1973 டிசம்பரில். அதே வருடம் அக்டோபரில் மார்செல், ஏப்ரலில் புங்குடுதீவு மு. தளையசிங்கம். தளையசிங்கத்துக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஈழத்துப் பள்ளி ஆசிரியர், கதைக்காரர், 'போர்ப்பறை', 'மெய்யுள்' ஆகியவற்றை எழுதியவர். மார்க்சிய முற்போக்கு அணியோடும் பழமைவாதச் சைவத்தோடும் ஒரே நேரத்தில் சண்டை போட்டுத் தனித்து நின்றவர். 1971இல் புங்குடுதீவில் கண்ணகி அம்மன் கோயில் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ள வேண்டும் என்று சத்தியாக்கிரகம் இருந்து, போலீசாரிடம் அடிபட்டார். தியானம் செய்கிற ஒருவர் கோயில் கிணற்றடியில் ஏன் அடிவாங்க வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தால், இரண்டும் வேறு வேறு காரியமா என்று திருப்பிக் கேட்டிருப்பார் என்றே அவர் எழுத்தைப் படித்தால் படுகிறது. முதல் படி, இரண்டாம் படி என்று மேலே நான் பிரித்ததை அவர் ஒரே மூச்சில் ஏறியிருக்கிறார்.

அவர் கோட்பாட்டை நான் அப்படியே ஏற்பதில்லை. மனித குலம் கோசம் என்னும் உறைகளை ஒவ்வொன்றாகக் கடந்து உயர்ந்து அடுத்த யுகத்துக்குள் நுழையப்போகிறது என்று அரவிந்தர் சாயலில் அவர் போட்ட வரலாற்றுக் கணக்கு, வரலாற்றுக்கு இப்படிக் கணக்குப் போட்ட ஹெகலைக் கிண்டல் செய்த கீர்க்கெகார்டின் கையில் கிடைத்திருந்தால் பெரும்பாடு பட்டிருக்கும். யுகம் எப்போது மாறும் என்பதற்கும் அன்றைக்கு அந்தக் கிணற்றில் வாளி இறங்க வேண்டும் என்பதற்கும் சம்பந்தமே தேவையில்லை. தளையசிங்கத்தின் பக்கங்களில் யுகக் கணக்கைத் தள்ளிவிட்டு, அவர் சத்தியத்துக்குத் தன்னையே ஈடு வைத்த இடங்களை மட்டும் எடுத்து, கீர்க்கெகார்டோடும் பூபரோடும் சேர்த்து வைத்துப் படிக்கும் வேலை தமிழில் மிச்சமிருக்கிறது.